அம்மம்மாவா, அப்பப்பாவா? முதல் பிறந்தநாளுக்கு முன் பிள்ளையோடு கதைப்பது எப்படி

இளையவளுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. பாயில் குப்புறக் கிடந்து அவள் "ம்மம்மம்மம்" என்று இழுத்தாள். "கேட்டியளே, அம்மம்மா எண்டு கூப்பிடுறாள்" என்றார் என் அம்மா. இரண்டு நாள் கழித்து "ப்பப்பப்பா" வந்தது. என் மாமனார் விடுவாரா? "அது அப்பப்பா" என்று அவரும் உரிமை கோரினார். அம்மம்மா, அப்பம்மா, அப்பப்பா, அம்மப்பா என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர்களே மழலையால் செய்தவை போலத்தான் இருக்கின்றன. பிள்ளை எதை உளறினாலும் வீட்டில் யாரோ ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வயதில் அது யாருடைய பெயரும் இல்லை. உதட்டை மூடித் திறந்து, குரலைச் சேர்த்து என்ன வருகிறது என்று பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சண்டை பிடித்த இருவரும் தங்களுக்குத் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அவள் சத்தம் போட்டதும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பதில் சொன்னார்கள். பிறகு, அடுத்தது என்ன சொல்லப்போகிறாள் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் வருடத்தில் பிள்ளைக்குக் கதை வருவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் என்பது என் எண்ணம். காதுக்குள் சொற்களை வண்டி வண்டியாகக் கொட்டினால் போதும் என்று நினைத்துத்தான் மூத்தவனோடு நான் ஓயாமல் கதைத்தேன். அவனுக்கு முறை கொடுக்கவேயில்லை.

முதல் பிள்ளை பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், அதில் ஒன்றின் காதுக்காகக் கொஞ்சம் அலைந்தவள்.

முதலில் காது

பிறந்த பிள்ளைக்கு உங்கள் குரல் புதிதில்லை. வயிற்றில் ஏழாம் மாதமளவில் அதற்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகளுக்குச் சூப்பியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விதமாக உறிஞ்சினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாக உறிஞ்சினால் இன்னொரு பெண்ணின் குரல். பிள்ளைகள் தாயின் குரல் வரும் விதமாகவே உறிஞ்சின. ஆகவே நீங்கள் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கிறது.

பிள்ளையோடு வீட்டுக்கு வருமுன் வார்டில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "செவிப்புலன் பரிசோதனை செய்தாச்சோ? இல்லையெண்டால் எப்ப, எங்க?" பரிசோதனையில் நோவு எதுவும் இல்லை. பிள்ளை நித்திரையாக இருக்கும்போது காதுக்குள் ஒரு சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலிகளை அனுப்புவார்கள். உட்காது நன்றாக வேலை செய்தால் அங்கிருந்து ஓர் எதிரொலி திரும்பி வரும், கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிட வேலை. முதல் நாட்களில் காதுக்குள் பிரசவ நீரோ அழுக்கோ இருந்தால் எதிரொலி சரியாக வராமல் போகலாம். "திரும்ப வாங்கோ" என்றால் பயப்படத் தேவையில்லை, ஆனால் கட்டாயம் திரும்பப் போகவேண்டும். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, குறை இருக்குமென்று தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் அதை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கேட்கும் கருவியோ சிகிச்சையோ தொடங்குதல். உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு இது.

சில பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். மாதம் குறைந்து பிறந்து விசேட பராமரிப்பில் பல நாள் கிடந்த பிள்ளைகள், மஞ்சள் கூடி இரத்தம் மாற்றப்பட்ட பிள்ளைகள், மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகள், குடும்பத்தில் சிறு வயதிலேயே காது கேளாதவர்கள் இருக்கும் பிள்ளைகள். சொந்த மச்சான் மச்சாள் கலியாணம் கட்டியவர்கள் டொக்டரிடம் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மரபு வழியாக வரும் சில வகைக் காது கேளாமை அப்படியான குடும்பங்களில் கூடுதலாக வருகிறது. விசேட பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு எதிரொலிப் பரிசோதனை மட்டும் போதாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பையும் பார்க்கும் இன்னொரு பரிசோதனை உண்டு, அதையும் கேளுங்கள்.

என் மூத்தவன் அப்படி மாதம் குறைந்து பிறந்தவன்தான். துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது காதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாவது மாதம் அவனுடைய அப்பம்மாதான் கண்டுபிடித்தார். பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டோடு ஒழுங்கைக்குள் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை தலையைத் திருப்புகிறது, இவன் விரலைச் சூப்பிக்கொண்டு கிடக்கிறான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோயில் வெடிக்கு இவன் திடுக்கிட்டவன்தானே என்று வாதாடினேன். அது தப்பு. வெடியும் தவிலும் கேட்பதற்குக் காதில் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருந்தாலே போதும். 'ச', 'க' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்பது வேறு. பார்த்தால் இரண்டு காதிலும் நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. நல்ல காலம், சில மாதங்களில் அது வற்றிவிட்டது.

வீட்டில் சும்மா சோதித்துப் பார்ப்பதானால் பிள்ளையின் பின்பக்கம், அது காணாத இடத்தில் நில்லுங்கள். உங்கள் நிழலும் தெரியக்கூடாது. முகத்துக்குக் கிட்டக் கைதட்டாதீர்கள், காற்றுப் பட்டே பிள்ளை கண் சிமிட்டிவிடும். கோப்பையில் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள், அல்லது பெயரைத் தாழ்ந்த குரலில் கூப்பிடுங்கள். ஆறு மாதப் பிள்ளை சத்தம் வரும் பக்கம் திரும்பவேண்டும். திரும்பினாலும் சந்தேகம் தீரவில்லையென்றால் வைத்தியசாலைக்குப் போங்கள். கரண்டியை நம்பி இருக்கவேண்டாம்.

முதல் மூன்று மாதம்

தொடக்கத்தில் அழுகைதான் மொழி. ஆறு, ஏழு கிழமையில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும், அதோடு "ஊ", "ஆ", "ங்கா" வரும். மல்லாந்து கிடக்கும்போது நாக்கு பின்னால் சரிவதால் தொண்டைப் பக்கத்து ஒலிகள் சுலபமாக வருகின்றன என்பார்கள். தமிழில் அநேகமாக எந்தச் சொல்லும் 'ங'வில் தொடங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இவர்களுக்கு அந்த இலக்கணம் தெரியாது.

இந்தக் காலத்தில் செய்யவேண்டியது இவ்வளவுதான். பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் உங்கள் முகம் இருக்கட்டும். புதிதாகப் பிறந்த கண்ணுக்கு அந்தத் தூரம்தான் தெளிவாகத் தெரியும். பிறகு கதையுங்கள். "என்ன ராசா, பசிக்குதோ? ஓமோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். முதலில் ஒன்றும் வராது. ஐந்தாவது நாளோ பத்தாவது நாளோ கை காலை உதைத்து ஒரு "ங்கூ" வரும். உடனே அதையே திருப்பிச் சொல்லுங்கள். "ங்கூவோ? அப்பிடியோ சங்கதி?" பிறகு மறுபடியும் காத்திருங்கள். இரண்டு மாதப் பிள்ளையோடு மூன்று நிமிடம் சம்பாஷிக்கலாம், நம்புங்கள்.

குரலை உயர்த்தி, இழுத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கொஞ்சல் கதைக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். "பிள்ளையோட ஒழுங்காக் கதை" என்பார்கள். கொஞ்சல் கதை ஒழுங்கான கதைதான். அந்த ராகம்தான் பிள்ளையின் கவனத்தை இழுக்கிறது. எண்ணெய் பூசி முழுக வார்க்கும் நேரம் இதற்கு நல்ல நேரம். "இப்ப கால், இப்ப மற்றக் கால், இந்தா தண்ணி" என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் அதே சொற்கள் வரும். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அறைக்குள் தனியாக இருக்கும் தாய்மார் போனோடு ஒதுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அது நடந்தது. களைப்பில் போன் பார்ப்பது குற்றமில்லை, ஆனால் பால் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது பிள்ளையின் முகத்துக்குக் கொடுங்கள்.

நாலு முதல் ஆறு

வாய்விட்டுச் சிரிக்கும், கீச்சிடும், எச்சிலில் குமிழி ஊதும். மாமியின் உடம்பில் தெறிக்கும். எல்லாம் குரலை ஏற்றி இறக்கிப் பழகுவது. ஊதினால் நீங்களும் ஊதுங்கள்.

இந்த இடத்தில் பிள்ளைத்தமிழை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஏழாம் மாதத்துக்குத் தால், ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று பழைய புலவர்கள் பருவம் வகுத்தார்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. நாக்கும் உதடும் சேர்ந்து "தத்தத்தா" என்று வரிசை கட்டத் தொடங்குவதும் ஏழாம் மாதமளவில்தான். சப்பாணி கைகொட்டுவது, அதுவும் ஒன்பதாம் மாதத்துப் பிள்ளை செய்யும் காரியமே. பருவம் வகுத்தவர்கள் வீட்டில் பிள்ளைகளை வடிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஏழு முதல் ஒன்பது: சண்டை வரும் காலம்

பல்லு முளைத்து, தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் கண்ணாடியும் புத்தகமும் பேனையும் பரப்பி எதை எடுக்கிறாய் என்று பார்க்கும் காலமும் இதுதான். பேனையை எடுத்தால் டொக்டர் என்று எல்லாரும் கைதட்டுவார்கள். அன்று பிள்ளையின் வாயைக் கவனியுங்கள். "பப்பப்பா", "மம்மம்", "தத்தா" என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் அடுக்காக வருகின்றனவா?

ஏன் இது முக்கியம் என்றால், காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் "ஊ", "ஆ" சொல்லும், சிரிக்கும். கேட்டுக் கேட்டுப் பழகவேண்டிய இந்த அசை அடுக்குத்தான் அவர்களுக்குப் பிந்தும், அல்லது வராமலே போகும். "முதல் நல்லாச் சத்தம் போட்டவள், இப்ப அடங்கிப்போனாள்" என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சும்மா விடக்கூடாது.

பிள்ளை உளறும்போது என்ன செய்வது? உடனே பதில் சொல்லுங்கள். சிரிப்போ, தொடுதலோ, ஒரு சொல்லோ, எதுவும் சரி, ஆனால் சத்தம் வந்த கையோடு. எட்டு மாதப் பிள்ளைகளை வைத்து கோல்ட்ஸ்டீன் என்பவரும் சேர்ந்தவர்களும் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதித் தாய்மார் பிள்ளை சத்தம் போட்ட உடனே சிரித்துத் தொட்டார்கள். மற்றவர்களும் அதே அளவு சிரித்துத் தொட்டார்கள், ஆனால் பிள்ளையின் சத்தத்தோடு பொருந்தாத வேறு நேரங்களில். உடனே பதில் கிடைத்த பிள்ளைகளின் அசைகள்தான் அந்தச் சிறு நேரத்துக்குள்ளேயே தெளிவாகின.

சாப்பாடு தீத்தும் நேரம் இதற்குப் பொன்னான நேரம். எங்கள் வழக்கம், பிள்ளையை இடுப்பில் வைத்து முற்றத்தில் காகம் காட்டி, பிராக்குக் காட்டியபடி வாய்க்குள் திணிப்பது. பரவாயில்லை, காகத்தையே பாடமாக்குங்கள். "அங்க பார், காகம். கா, கா." நிறுத்துங்கள். பிள்ளை பார்க்கிறதா? அது எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் காகத்தைக் காட்டும்போது பிள்ளை படலையைப் பார்த்தால் அது படலைக்கான நேரம்.

காது தமிழ்க் காதாவதும் இப்போதுதான். கனடாவில் வேர்க்கர், டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஹிந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகளில் பெரும்பாலானவை வித்தியாசத்தைப் பிடித்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அநேகமாக எதுவும் பிடிக்கவில்லை. கேளாத ஒலிகளைக் காது கைவிட்டுவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு 'த'வும் 'ட'வும் நாள் முழுக்கக் கேட்பதால் அவை தங்கிவிடுகின்றன. ழகரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. "வாளைப்பளம்" என்று சொல்லும் வீட்டில் பிள்ளை அதைத்தான் கேட்கும்.

பத்து முதல் பன்னிரண்டு

சொல்வதற்கு முன்பே விளங்கத் தொடங்கிவிடும். "அப்பா எங்க?" என்றால் திரும்பிப் பார்க்கும். "தா" என்றால் கையை நீட்டும், ஆனால் பொருளை விடாது. டாட்டா காட்டும். கடைசியில் ஒருநாள் ஆள்காட்டி விரலை நீட்டி எதையோ காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். முதல் சொல்லுக்குக் காத்திருக்கும் ஆவலில் அந்த விரலைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் முதல் சொல்லைவிட அதுதான் பெரிய விஷயம். "நான் பார்ப்பதை நீயும் பார்" என்று ஒரு மனிதர் இன்னொருவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் அது. அது காட்டுவதன் பெயரை ஒருமுறை, தெளிவாகச் சொல்லுங்கள். "ஓம், சைக்கிள். அப்பப்பான்ர சைக்கிள்."

முதல் சொல் என்று எதைக் கணக்கெடுப்பது? ஒரே பொருளுக்கு, தானாக, திரும்பத் திரும்ப ஒரே ஒலியைச் சொன்னால் அது சொல். பாலுக்கு எப்போதும் "ங்கா" என்றால் அது சொல்தான், அகராதியில் இருக்கவேண்டியதில்லை. என் இளையவளின் முதல் சொல் "கா", வேலியில் இருந்த காகத்துக்கு. அம்மம்மாவும் அப்பப்பாவும் ஒன்றாகத் தோற்றார்கள். முதல் பிறந்தநாளில் ஒரு சொல்லும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. விளங்கிக்கொள்கிறது, கையால் காட்டுகிறது, அசைகள் வருகின்றன என்றால் பொறுத்திருக்கலாம்.

"ஆன்ரி வந்திருக்கிறா, சொல்லிக்காட்டு, சொல்லிக்காட்டு" என்று பரீட்சை வைப்பது மட்டும் வேண்டாம். எங்களுக்கே அப்படிக் கேட்டால் வாய் வராது.

வீட்டில் எந்த மொழி

இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை "கம் பேபி, ஈற் பேபி" கேட்கிறது. நேர்சரிக்கு முன்பே ஆங்கிலம் ஏற்றவேண்டும் என்ற அவசரம். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குக் கதை பிந்துவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உங்களுக்குக் கோபமும் பகிடியும் கொஞ்சலும் எந்த மொழியில் வருகின்றனவோ அதில் கதையுங்கள். நாலு கட்டளைச் சொற்கள் மட்டும் தெரிந்த மொழியில் ஒரு பிள்ளையோடு சம்பாஷிக்க முடியாது. "வாங்கோ, இருங்கோ" என்று கைக்குழந்தைக்கும் மரியாதை வைத்துக் கதைக்கும் எங்கள் வழக்கம் எனக்குப் பிடிக்கும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை நாளைக்கு அப்படியே திருப்பிச் சொல்லும்.

ரி.வி.யும் போனும்

ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் கடைப்பிடிப்பது சுலபம். அமெரிக்காவில் பட்ரிசியா கூல் என்பவரின் குழு ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு 12 தடவை சீன மொழி கேட்கவைத்தது. நேரில் ஆள் இருந்து விளையாடிய பிள்ளைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை ரி.வி.யில் பார்த்த பிள்ளைகள் ஒன்றும் பிடிக்கவில்லை. ரி.வி. பிள்ளைக்காகக் காத்திருக்காது என்பதுதான் நான் அதில் கண்டது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தியோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பது வேறு. சித்தி "குஞ்சு" என்றால் குஞ்சு சிரிக்கும், சித்தி மறுபடி சிரிப்பார். பக்கத்தில் நீங்களும் இருங்கள், அவ்வளவுதான். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சீரியலை நிறுத்துங்கள். உங்கள் குரலை அது மூடிவிடுகிறது.

நாக்கில் தடவ வேண்டாதவை

கதை கெதியாக வர வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள். வசம்பில் நச்சுத்தன்மையுள்ள பொருள் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வரலாம். தேன் ஒரு வயதுவரை துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். காதுக்குள் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். வாதம் பண்ணிப் பயனில்லை என்றால் "டொக்டர் வேண்டாமெண்டவர்" என்று பழியை அங்கே போட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் தப்பினேன். நாக்கு ஒட்டியிருக்கிறது, அதுதான் கதை பிந்துகிறது என்பதும் அடிக்கடி கேட்பது. நாக்கு ஒட்டினால் பால் குடிப்பது கஷ்டமாகலாம். சொற்களை விளங்கிக்கொள்வதையும் கதைக்கத் தொடங்குவதையும் அது பிந்தவைப்பதில்லை.

எப்போது யாரிடம் போவது

தடுப்பூசித் திகதிகளையே உங்கள் கணக்காக வையுங்கள். 2, 4, 6 மாதங்களில் கிளினிக்குக்குப் போகிறீர்கள், 9இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி, 12இல் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. கூகைக்கட்டும் சின்னமுத்தும் காதைப் பழுதாக்கக்கூடிய நோய்கள், ஆகவே ஒன்பதாம் மாத ஊசி கதை வரவும் உதவும் ஊசிதான். அந்த ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதை மீளப் பெற்றுவிட்டது.

மூன்று மாதம் தாண்டியும் குரலுக்கு அமைதியாகவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆறில் சத்தத்துக்குத் திரும்பவில்லை. ஒன்பதில் பெயர் கூப்பிட்டால் பார்க்கவில்லை. பத்தில் அசை அடுக்கு இல்லை. பன்னிரண்டில் ஒரு சைகையும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எந்த வயதிலும், வந்த கதையோ சிரிப்போ மறைந்துபோனால் அடுத்த கிளினிக்வரை காத்திருக்க வேண்டாம். மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிறக்கவேண்டிய திகதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை பத்து மாதத்தில் எட்டு மாதப் பிள்ளை. காது சம்பந்தமான சந்தேகத்துக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது.

குடும்பநல உத்தியோகத்தர் உங்களை சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு கிடைக்கும். காசு செலவில்லை. பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது. தமிழில் கதைக்கும் சிகிச்சையாளர்கள் தேவைக்குக் குறைவு, முறை வர நாள் எடுக்கும், ஆகவே முந்திப் பதிவது நல்லது. "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும், இவன்ர தேப்பனும் அப்பிடித்தான்" என்று யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டே துண்டை எடுங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பியையும், பிள்ளை போடும் சத்தங்களை ஒரு நிமிடம் போனில் பதிந்த வீடியோவையும் கொண்டுபோங்கள். டொக்டருக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. என்ன சத்தம், எந்தத் திகதியில் முதலில் வந்தது என்று கொப்பியில் பென்சிலால் குறித்துவையுங்கள். "மம்மம்" என்றே எழுதுங்கள், யாரைக் கூப்பிட்டது என்பதை எழுதவேண்டாம்.